எண்ணாத விதைக்கு எதற்கு வரைபடம்?



அறிவியல் விழாக் காலம் நெருங்கிவிட்டால் ஆசிரியர்களின் புலனக்குழுக்களில் ஒரு வினா தவறாமல் வந்துவிடும். "விதை முளைப்பு தொடர்பாக நல்ல தலைப்பு ஏதேனும் இருக்கிறதா?" என்பதே அந்த வினா. அடுத்த சில நிமிடங்களில் மறுமொழியும் வந்துவிடும். "இளநீர் ஹார்மோன் செய்யுங்கள். பார்க்க அழகாக இருக்கும், பரிசும் கிடைக்கும்." அதன் பின்னாலேயே முன்னொரு பள்ளி செய்த படவில்லைகள், அட்டவணை, வண்ணப் பட்டை வரைபடம், முடிவுரை அனைத்தும் வந்து சேரும். விதையை இன்னும் ஊற வைக்கவில்லை. ஆனால் அது எத்தனை விழுக்காடு முளைத்தது என்பது முடிவாகிவிட்டது!

இதற்குப் பெயர் அறிவியல் அன்று. இதைச் செய்யும் மாணவனுக்கு நாம் கற்பிப்பது ஒன்றே ஒன்றுதான்: எண்களை உண்டாக்கலாம், அவற்றை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது. இவ்வழக்கம் நம் பள்ளிகளிலிருந்து ஒழிய வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் சொல்லியாக வேண்டும்.

நம் காட்சிப்பலகைகளில் இருப்பது என்ன?

பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மூன்று நெகிழிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் பஞ்சு, பத்துப் பச்சைப்பயறு. முதலாவதில் குழாய் நீர், இரண்டாவதில் இளநீர், மூன்றாவதில் சின்ன வெங்காயச் சாறு அல்லது செடிக்கடையில் வாங்கிய வேர் மாவு. முடிவு: "நீரில் 90%, இளநீரில் 100%. ஆகவே இளநீரில் உள்ள ஹார்மோன் விதை முளைப்பை அதிகரிக்கிறது."

இந்த ஒரு வரியில் எத்தனை பிழைகள் உள்ளன என்று பார்ப்போம்.

முதலாவது, எண்ணிக்கை. பத்து விதைகள் மட்டுமே இருந்தால் ஒரு விதை என்பது பத்து விழுக்காடு. 90க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு பயறு. அந்தப் பயறு பூச்சி அரித்ததாக இருந்திருக்கலாம், உடைந்ததாக இருந்திருக்கலாம், பஞ்சின் காய்ந்த ஓரத்தில் கிடந்திருக்கலாம். அனைத்துலக விதைச் சோதனைச் சங்கம் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி, ஒரு விதைக் குவியலின் முளைப்புத் திறனை அறிய 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்து எண்ணுகிறார்கள். விதை வணிகத்திற்கே நானூறு தேவைப்படும்போது, இயற்கையின் ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்க நமக்குப் பத்து போதுமா?

இரண்டாவது, விதைத் தேர்வு. நல்ல பச்சைப்பயறு வெறும் நீரிலேயே ஓரிரு நாளில் ஏறத்தாழ முழுவதும் முளைத்துவிடும். அதற்கு உறக்கநிலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஏற்கெனவே நூற்றுக்கு நூறை நெருங்கி நிற்கும் ஒன்றை எந்த இயக்குநீர் மேலும் உயர்த்தும்? தூங்காதவனை எழுப்புவதற்கு மணி அடிப்பது போன்றது இது. முளைப்பை ஊக்குவிக்கும் பொருளைச் சோதிக்க வேண்டுமானால் முளைக்கத் தயங்கும் விதை வேண்டும்.

மூன்றாவது, இளநீர். அதில் சைட்டோகைனின் வகை இயக்குநீர்கள் இருப்பது உண்மையே. ஆனால் அதில் சர்க்கரையும் பொட்டாசியம் போன்ற தாதுக்களும் உள்ளன. இளநீர்க் கிண்ணத்தில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் அது சர்க்கரையாலா, தாதுவாலா, இயக்குநீராலா? சர்க்கரை நீர் மட்டும் ஊற்றிய நான்காவது கிண்ணம் இல்லாதவரை இதற்கு விடை இல்லை. தவிர, நம் நாட்டு வெப்பத்தில் இளநீர் ஒரே நாளில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை எந்தக் காட்சிப்பலகையும் சொல்வதில்லை. படத்தில் பஞ்சு பால்போல் வெண்மையாக இருக்கிறது!

நான்காவது, வேர் மாவு. செடிக்கடைகளில் விற்கப்படும் வேர் மாவில் இருப்பது பெரும்பாலும் ஆக்சின் வகையைச் சேர்ந்த செயற்கைப் பொருள். அது வெட்டி நட்ட தண்டில் வேர் பிடிப்பதற்காகத் தயாரிக்கப்படுவது. விதையை முளைக்க வைக்க அன்று. ஆக்சின் செறிவு மிகுந்தால் முளைவேர் நீள்வது தடைபடும். வேர் வளரத் தரும் பொருளே வேரைக் குட்டையாக்கும் என்பது எவ்வளவு சுவையான செய்தி! உண்மையாகச் செய்து பார்த்த மாணவன் அதைக் கண்டு வியந்திருப்பான். ஆனால் காட்சிப்பலகையில் அதுவும் "வளர்ச்சியை அதிகரித்தது" என்றே எழுதப்பட்டிருக்கிறது.

உண்மையான கதை இதைவிடச் சிறந்தது

இயக்குநீர்கள் எப்படிக் கண்டறியப்பட்டன என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்கிறோமா? அப்போது சப்பானியர் ஆட்சியில் இருந்த தைவானில் நெல் நாற்றுகளுக்கு ஒரு நோய் வந்தது. நோய் கண்ட நாற்று மற்றவற்றைவிட ஒல்லியாக, வெளிறி, அளவுக்கு மீறி உயர்ந்து, பின் சாய்ந்துவிடும். சப்பானிய உழவர்கள் அதனை "பகானே" என்றனர். அறிவற்ற நாற்று என்பது பொருள். 1926ஆம் ஆண்டு எய்ச்சி குரோசாவா என்பவர் ஒரு செய்தியை வெளியிட்டார். நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தை நீர்மத்தில் வளர்த்து, பூஞ்சணத்தை நீக்கிவிட்டு, வடிகட்டிய நீர்மத்தை மட்டும் நாற்றுகளுக்குக் கொடுத்தபோதும் அவை அதேபோல் நீண்டு வளர்ந்தன. பூஞ்சணம் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று புலனாயிற்று. 1935இல் தெய்சிரோ யாபுதா அப்பொருளுக்கு ஜிப்பரெலின் என்று பெயரிட்டார். நெல் வயலில் நாற்றின் உயரத்தைப் பொறுமையாக அளந்ததிலிருந்து தொடங்கிய கதை இது.

விதைக்குள் நடப்பதும் அத்தகைய சுவை உடையதே. எளிமையாகச் சொன்னால், அப்சிசிக் அமிலம் விதையை "உறங்கு" என்கிறது. ஜிப்பரெலின் "எழு" என்கிறது. இவ்விரண்டின் விகிதமே பல விதைகளில் முளைப்பை முடிவு செய்கிறது. நெல், பார்லி போன்ற தானியங்களில் நீரை உறிஞ்சிய கரு ஜிப்பரெலினை அனுப்புகிறது. மாவுப் பகுதியைச் சூழ்ந்துள்ள மெல்லிய உயிரணுப் படலம் அதை ஏற்று, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமிலேசு நொதியைச் சுரக்கிறது. 1960ஆம் ஆண்டளவில் சப்பானிலும் ஆசுத்திரேலியாவிலும் ஆய்வாளர்கள் இதைத் தனித்தனியே நிறுவினர். கருவை நீக்கிய பார்லித் துண்டும் ஜிப்பரெலின் பட்டதும் தன் மாவைக் கரைக்கத் தொடங்கியது.

கீரைக்கோசு எனப்படும் சாலட் இலைச்செடியின் சில வகை விதைகள் இருட்டில் முளைக்கமாட்டா. 1952இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெல்ட்சுவில் ஆய்வு மையத்தினர், சிவப்பொளி பட்டால் அவை முளைப்பதையும், அடுத்துத் தொலைசிவப்பொளி பட்டால் மீண்டும் உறங்குவதையும் காட்டினர். ஒளியே படாமல் ஜிப்பரெலின் மட்டும் கொடுத்தாலும் அவ்விதைகள் இருட்டிலேயே முளைக்கும் என்பது 1957இல் தெரிந்தது. கவனியுங்கள்: முளைக்காத விதைகளையும் எண்ணியதால்தான் இவை தெரிய வந்தன. முளைக்காதவற்றை மறைத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

நான் கண்ட ஒரு நிகழ்வு

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எந்தப் போட்டி, எந்த ஊர் என்பது இங்குத் தேவையில்லை. எங்களுக்கு அடுத்த மேசையில் வேறொரு பள்ளியைச் சேர்ந்த ஐந்தாம் ஆண்டு மாணவி. அவளிடம் பெரிய காட்சிப்பலகை இல்லை. கோடு போட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. நீரில் நூறு பயறு, நீர் கலந்த இளநீரில் நூறு பயறு. இருபத்தைந்து இருபத்தைந்தாக எட்டுக் கிண்ணங்கள். காலையும் மாலையும் எண்ணிக் குறித்திருந்தாள். ஓரிடத்தில் எண்ணை அடித்துத் திருத்தி, "மீண்டும் எண்ணினேன்" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். நீரில் 97; இளநீரில் 96. "வேறுபாடு இல்லை" என்பது அவளுடைய முடிவு.

நடுவர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் உன் ஆய்வு தோல்விதானே அம்மா?" என்றார்.

"இல்லைங்க ஐயா. எல்லாத்தையும் நான்தான் எண்ணினேன்" என்றாள் அவள்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு 90, 100 என்று பட்டை வரைந்த குழுவுக்குச் சென்றது. அதைவிட என்னை வருத்தியது பின்னர் நடந்ததுதான். அம்மாணவியின் பொறுப்பாசிரியர் பொருள்களை எடுத்து வைத்தபடியே, "அடுத்த தடவை இளநீருக்கு நூறு என்று போட்டுவிடு" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அந்த மண்டபத்தில் அறிவியல் செய்த ஒரே பிள்ளைக்கு, அறிவியலைக் கைவிடும்படி அன்று அறிவுரை வழங்கப்பட்டது. வழங்கியவர் ஓர் ஆசிரியர். நம் இனத்துப் பிள்ளை, நம் மொழியில், நம் பள்ளியில் உண்மையை எண்ணி எழுதினாள். நாம் அதைப் பிழை என்றோம்.

"தொடக்கப்பள்ளிதானே" என்போருக்கு

இப்படிப் பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் வரும்.

"பத்து வயதுப் பிள்ளைக்கு ஹார்மோன் எதற்கு, அளவீடு எதற்கு?" என்பது ஒன்று. ஹார்மோன் வேண்டாம் என்றால் தலைப்பை மாற்றுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல்லைக் காட்சிப்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, அளவீடு மட்டும் வேண்டாம் என்பது என்ன நியாயம்? எண்ணுவதும் சராசரி காண்பதும் நம் கணிதப் பாடத்தில் உள்ளவையே.

"எங்களுக்கு நேரம் இல்லை" என்பது இரண்டாவது. பளபளக்கும் பலகை செய்யவும், பேச்சை மனப்பாடம் செய்விக்கவும் வாரக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. காலையில் ஐந்து நிமிடம் விதை எண்ண நேரம் இல்லையா? தேர்வைக் காரணம் காட்டவும் இனி வழியில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் மாணவனின் செயற்பாங்குத் திறனைப் பார்க்கத்தானே சொல்கிறார்கள்?

"வெற்றி பெற்றால் தமிழ்ப்பள்ளிக்குப் பெருமை" என்பது மூன்றாவது. இதற்குத்தான் நான் அதிகம் சினம் கொள்கிறேன். 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது நாம் என்ன சொன்னோம்? தாய்மொழியில்தான் பிள்ளை சிந்திக்கும், கேள்வி கேட்கும் என்று வாதாடினோம். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009 சூலையில் அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி, உற்றறிதல், ஊகித்தல் என்று அழகான தமிழ்ச் சொற்கள் நம்மிடம் உள்ளன. மாணவன் அவற்றைத் தடுமாறாமல் ஒப்புவிக்கிறான். ஆனால் உற்றறியாமலே "உற்றறிதல்" என்ற தலைப்பின்கீழ் எழுதுகிறான் என்றால், நாம் காப்பாற்றியது அறிவியலை அன்று, சொற்பட்டியலை மட்டுமே. பொய்யான வரைபடத்தால் வரும் பெருமை தமிழ்ப்பள்ளிக்கு வேண்டாம்.

சரி, எப்படிச் செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அழகன்று. கடையில் எந்த ஹார்மோனும் வாங்காமல் தொடக்கப்பள்ளியிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

பழுத்த தக்காளியை அறுத்துப் பாருங்கள். உள்ளே ஈரமும் உண்டு, இதமான வெப்பமும் உண்டு. ஆயினும் விதைகள் பொதுவாகப் பழத்துக்குள் முளைப்பதில்லை. ஏன்? அப்சிசிக் அமிலமும், பழச்சாற்றின் செறிவும் சேர்ந்து அவற்றைத் தடுக்கின்றன. இதை மாணவர்களே சோதிக்கலாம்.

1. விதைகளின் மேலுள்ள வழுவழுப்பை நன்கு கழுவி நீக்குக. ஒரே வகைத் தக்காளியின் விதைகளைக் கலந்து, அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

2. ஒரு பகுதிக்கு நீர். இன்னொன்றுக்கு வடிகட்டிய தக்காளிச் சாறு. மற்றொன்றுக்கு நீர் பாதி, சாறு பாதி. ஒவ்வொன்றுக்கும் 25 விதைகள் கொண்ட நான்கு தட்டுகள். ஊற்றும் அளவு எல்லாத் தட்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சாறு கெடாமலிருக்க நாள்தோறும் புதிதாக வடித்து மாற்றுக. நீர்த் தட்டுகளிலும் அன்றன்று நீரை மாற்றுக.

3. தட்டின்மேல் அ, ஆ, இ என்று மட்டும் எழுதுக. எது எதில் உள்ளது என்பது எண்ணும் மாணவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

4. "முளைத்தது" என்றால் என்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்க. முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளிவந்தால் முளைத்ததாகக் கொள்ளலாம். அளவுகோலை வைத்துப் பார்த்தே எண்ண வேண்டும்.

5. நாள்தோறும் ஒரே நேரத்தில் எண்ணுக. இறுதி விழுக்காடு மட்டும் போதாது; எந்த நாளில் எத்தனை முளைத்தன என்பதும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னது ஏன் என்று ஒரு கணக்கால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்திற்கானவை மட்டுமே. அ தட்டில் 25இல் 20 விதைகள் முளைத்தன: ஐந்தாம் நாள் 5, ஆறாம் நாள் 10, ஏழாம் நாள் 5. ஆ தட்டிலும் 20 முளைத்தன: எட்டாம் நாள் 5, ஒன்பதாம் நாள் 10, பத்தாம் நாள் 5. இரண்டும் 80 விழுக்காடே. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் வேறுபாடு இல்லை என்பார். நாளையும் எண்ணிக்கையையும் பெருக்கிக் கூட்டி, முளைத்த விதைகளால் வகுத்தால் அ தட்டின் சராசரி 6 நாள். ஆ தட்டின் சராசரி 9 நாள். ஏதோ ஒன்று அவ்விதைகளை மூன்று நாள் தாமதப்படுத்தியிருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இயக்குநீரின் விளைவைக் காணக் கையாளும் அளவீடுகளில் இதுவும் ஒன்று. ஆறாம் ஆண்டு மாணவனால் இதைச் செய்ய முடியும்.

இறுதியில் முடிவுரை. சாற்றில் விதைகள் முளைக்கவில்லை என்றால், "தக்காளிச் சாறு முளைப்பைத் தடுத்தது" என்று எழுதலாம். "ஹார்மோன் தடுத்தது" என்று எழுதலாகாது. ஏனென்றால் சாற்றில் சர்க்கரையும் அமிலமும் உள்ளன. ஹார்மோனை மட்டும் நாம் பிரித்து அளக்கவில்லை. அளந்தது எதுவோ அதை மட்டும் சொல்லும் இந்த ஒழுக்கத்தைக் கற்றுவிட்டால், அப்பிள்ளைக்கு வேறு கிண்ணம் எதற்கு?

இடைநிலைப்பள்ளிக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒன்று. தூய ஜிப்பரெலின் தூள் நீரில் எளிதில் கரையாது. அதனால் முதலில் சிறிது எத்தனாலில் கரைத்துப் பிறகு நீர் சேர்ப்பது வழக்கம். அப்படிச் செய்தால் ஒப்பீட்டுத் தட்டிலும் அதே அளவு எத்தனால் கலந்த நீரையே ஊற்ற வேண்டும். எத்தனாலே முளைப்பைத் தடுக்கக்கூடியது. வெறும் நீரோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது எதனுடைய விளைவு என்று உங்களுக்கே தெரியாது.

வேண்டுகோள்

நடுவர்களே, பலகையைப் பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகத்தை ஐயத்தோடு பாருங்கள். "முளைக்காத விதை எப்படி இருந்தது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். எண்ணிய பிள்ளை உடனே சொல்லும்: ஊதிப்போய், கறுத்து, நாற்றமடித்து என்று. எண்ணாத பிள்ளை தன் ஆசிரியர் முகத்தைப் பார்க்கும்.

ஆசிரியர்களே, ஆயத்த வரைபடத்தைப் புலனத்தில் அனுப்பாதீர்கள், வந்தால் அழித்துவிடுங்கள். "வேறுபாடு இல்லை" என்பதும் ஒரு முடிவே என்று வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் படித்த செயற்பாங்குத் திறன்கள் நாள்பாடத்திட்டப் புத்தகத்தில் மட்டும் வாழக்கூடாது.

பெற்றோர்களே, பிள்ளையின் செயல்திட்டத்தை நீங்கள் செய்து தருவது அன்பினால்தான், நான் அறிவேன். ஆனால் அந்த அட்டவணையை நிரப்பும் ஒவ்வொரு முறையும், "உன் கண்ணை நம்பாதே, என் எண்ணை நம்பு" என்று பிள்ளைக்குச் சொல்கிறீர்கள். சமையலறை மேடையில் நான்கு தட்டுகளுக்கு இடம் கொடுங்கள். காலையில் எண்ண மறந்தால் நினைவூட்டுங்கள். அது போதும்.

விதை நம் விருப்பத்தைக் கேட்டு முளைப்பதில்லை. அதனிடம் கேள்வி கேட்டுவிட்டு, விடைக்காகப் பொறுமையுடன் காத்திருக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். வரும் விடை எதுவாயினும் அதை அப்படியே எழுதும் துணிவையும் தருவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.